பி.காம் படிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஆடிட்டர் ஆபீஸ். சி.ஏ. படிப்பின் நடுக்கட்டமான இண்டரில் ஒரு குரூப்போடு நின்றுபோய், பிறகு அடக்கவிலைப் படிப்பான சி.எம்.ஏ. முடித்தவள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காலேஜ் விழா, பஸ் ஸ்டாப் என்று எங்கே போனாலும் பி.காம் படிக்கிற யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு இதையேதான் கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிவிட்டு, கீழே எனக்குத் தெரிந்த பதிலைப் போட்டிருக்கிறேன்.

அக்கா, பி.காம் சி.ஏ. சேந்திருக்கேன். முடிச்சா ஆடிட்டர்தானுங்களே?

இல்லை. இதை முதலில் வைத்ததற்குக் காரணம், இந்த ஒரு எழுத்துக் குழப்பத்தில் மூன்று வருடம் கழித்து அழுத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நம்மூர்க் கல்லூரிகளில் பி.காம் சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டராகக் கையெழுத்துப் போடும் சி.ஏ. என்பது சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். அதைக் கல்லூரி தர முடியாது, 1949ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் மட்டும்தான் தரும். அதற்குத் தனியாகப் பதிவு செய்து, தனியாகப் பரீட்சை எழுத வேண்டும்.

பி.காம் பி.ஏ. என்று ஒன்று இருக்கிறது, புரொஃபஷனல் அக்கவுண்டிங். அதன் பாடங்கள் சி.ஏ. பாடங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதுவும் சி.ஏ. இல்லை. சேர்ந்தாகிவிட்டது என்றால் பயப்பட வேண்டியதில்லை, எந்த பி.காமாக இருந்தாலும் கீழே சொல்லப்போகிற வழிகள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன.

வெறும் பி.காம் மட்டும் வச்சுக்கிட்டு என்ன வேலைக்குப் போகலாம்?

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்ட், பில்லிங், ஸ்டோர்ஸ் கணக்கு, ஆடிட்டர் ஆபீஸ் உதவியாளர், தனியார் வங்கி, நிதி நிறுவனம், சென்னை கோயம்புத்தூர் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கை இங்கே வைத்துப் பார்க்கும் அலுவலகங்கள். வேலை இல்லாமல் இருக்க மாட்டீர்கள். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்த வரை, ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்கு ஆரம்பத்தில் மாதம் 12,000 முதல் 15,000 வரைதான், பக்கத்து யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர் இதைவிட அதிகம் வாங்குவார். அந்தச் சம்பளத்தில் எவ்வளவு நாள் நிற்பீர்கள் என்பதை, காலேஜில் இருந்த மூன்று வருடத்தில் நீங்கள் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

டேலி கோர்ஸ் முடிச்சுட்டேன், சர்ட்டிபிகேட் இருக்கு. போதுமா?

டேலி என்கிற கணக்கு மென்பொருளில் எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 அழுத்தினால் கொள்முதல் என்று தெரிவது நல்லதுதான், அதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களிடம் நான் டேலி தெரியுமா என்று கேட்பதே இல்லை. ஒரு எக்செல் தாளைக் கொடுப்பேன். ஒரு பக்கம் எங்கள் கொள்முதல் பட்டியல், இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய 2பி, அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் காட்டியதை வைத்து மாதாமாதம் 14ஆம் தேதி தளமே தயார் செய்து தரும் பட்டியல். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த பில்லுக்கு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

போன வருடம் வந்த ஒரு பையன் பத்து நிமிடத்தில் ஏழு பில் காணோம் என்றான். அதே தாளைப் பார்த்த ஒரு பெண் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "மேடம், இதுல நாலு பில் இருக்குது, டையிங்காரர் நம்பரை 045 என்று போட்டிருக்கார், நாம வெறும் 45 என்று ஏத்தியிருக்கோம். ஒண்ணு போன மாசத்து 2பியில வந்திருக்கும். மிச்சம் ரெண்டுக்குத்தான் போன் பண்ணணும்" என்றாள். அவளுக்கு டேலி சர்ட்டிபிகேட் கிடையாது. இரண்டாம் வருடம் படிக்கும்போதே மாமா கடைக்கு பில் போட்டுப் பழகியவள். அவளைத்தான் எடுத்தோம்.

அதனால் டேலியோடு நிற்காதீர்கள். எக்செல்லில் விலுக்அப், பிவட் டேபிள், சம்இஃப் இந்த மூன்றும் கைக்கு வர வேண்டும். சோஹோ புக்ஸ் மாதிரி இன்னொரு கணக்கு மென்பொருளையும் திறந்து பார்த்துவையுங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு வரும் வகுப்புகளை வருகைப்பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து கழிக்க வேண்டாம்.

இப்பத்தான் முதல் வருஷம். இப்பவே முடிவு பண்ணணுமா?

முடிவு பண்ண வேண்டாம், தொட ஆரம்பித்தால் போதும். பதினெட்டு வயதில் ஆடிட் பிடிக்குமா, காஸ்டிங் என்கிற அடக்கவிலைக் கணக்கு பிடிக்குமா, வரி பிடிக்குமா என்று புத்தகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாடத்தில் கம்பெனி கணக்கு என்றால் நான்கு வரி கணக்கும் விடையும். நிஜத்தில் அது ஒரு பெட்டி நிறைய பில், பாதி மழையில் நனைந்தது, கையெழுத்து இல்லாத டெலிவரி சலான் சில. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஓடத் தோன்றுகிறதா, உட்கார்ந்து பிரிக்கத் தோன்றுகிறதா என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சீக்கிரம் முடிவு தேவை. சி.ஏ. போவதாக இருந்தால், ப்ளஸ் டூ முடித்த கையோடு முதல் கட்டப் பரீட்சையான ஃபவுண்டேஷன் எழுதி, காலேஜ் படிக்கும்போதே இண்டரைத் தொடலாம். விட்டுவிட்டாலும் குடி முழுகிப் போகாது. பி.காமில் 55 சதவீதம் வாங்கியவர் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இண்டருக்குப் பதிவு செய்யலாம். என்ன, இரண்டு வருடம் பின்னால் போகும்.

ஆடிட்டர் ஆபீஸ்ல எங்களை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்களைச் சேத்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். "இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட் வேணும் சார்" என்று பதினைந்து பேர் கும்பலாகப் போனால் வெளியிலேயே அனுப்பிவிடுவார்கள். தனியாகப் போய், காலேஜ் மதியம் ஒன்றரைக்கு முடிகிறது, தினமும் மூன்றிலிருந்து ஏழு வரை வருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். மதிய ஷிஃப்ட் படிக்கிறவர்கள் காலையில் வருகிறேன் என்று சொல்லலாம். பெரிய பெயர் வைத்த ஆபீஸை விட, நான்கைந்து பேர் இருக்கிற சின்ன ஆபீஸில்தான் முதல் வருடத்துக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அரிசி மண்டி, மருந்துக்கடை, ட்ரஸ்ட், சைசிங் மில் என்று எல்லாக் கணக்கும் அங்கே ஒரே மேஜைக்கு வரும்.

முதல் மாதம் ஃபைல் அடுக்குவது, ஜெராக்ஸ், வவுச்சரில் டிக் அடிப்பது, பேங்க் ஸ்டேட்மெண்டைக் கணக்கோடு ஒப்பிடுவது, இவ்வளவுதான் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பேங்க் ஒப்பீட்டில் 900 ரூபாய் இடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு நாள் தேடினேன். சீனியர் அண்ணா வந்து, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்ணை இடம் மாற்றி எழுதியிருப்பாய் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 5,400ஐ 4,500 என்று ஏற்றியிருந்தேன். மூன்று வருட பி.காமில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஸ். மூணுல எது நல்லது?

எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது, எது என்ன வேலை என்று சொல்கிறேன். கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டும்தான். சி.எம்.ஏ. என்பது அடக்கவிலை. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் எவ்வளவு, நிட்டிங் கூலி எவ்வளவு, டையிங்கில் எடை எவ்வளவு குறைகிறது, கட்டிங்கில் எவ்வளவு துணி வீணாகிறது, கடைசியில் என்ன விலைக்கு ஆர்டர் எடுத்தால் கை கடிக்காது என்று பார்க்கிற வேலை. விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பஞ்சாலை, சிமெண்ட், சர்க்கரை ஆலைகளுக்கெல்லாம் காஸ்ட் ஆடிட் கட்டாயம், அதைச் செய்கிறவர் சி.எம்.ஏ.தான். சி.எஸ். என்பது கம்பெனிச் சட்டம், போர்டு கூட்டம், தீர்மானம், பங்கு சம்பந்தப்பட்ட வேலை. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியும் அதற்கு மேலும் இருக்கிற கம்பெனி முழுநேரக் கம்பெனிச் செயலரை வைத்தாக வேண்டும். எண்ணை விட எழுத்தும் சட்டமும் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் சரி, அதை ஏனோ நம்மூரில் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

சி.ஏ.வில் இண்டர் இரண்டு குரூப்பும் தேறிய பிறகு இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி, 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்துக்கு முன்னால் இது மூன்று வருடமாக இருந்தது. அது முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல். ஆர்ட்டிகிள்ஷிப்பில் கொடுப்பது உதவித்தொகைதான், சம்பளம் என்று நினைத்துப் போகாதீர்கள், ரூமும் சாப்பாடும் வெளியூரில் என்றால் வீட்டிலிருந்து பணம் வர வேண்டியிருக்கும். சி.எம்.ஏ.வுக்கு 15 மாதப் பயிற்சி, எந்தப் பட்டதாரியும் ஃபவுண்டேஷன் இல்லாமல் இண்டரில் சேரலாம், ஜூன் டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பரீட்சை. வேலை பார்த்துக்கொண்டே முடிப்பதற்கு சி.எம்.ஏ. ஒத்துவரும், நான் அப்படித்தான் முடித்தேன். அதனால் என் பேச்சில் சி.எம்.ஏ. பக்கம் ஒரு சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பற்று வரவுன்னா புரியும், இங்கிலீஷ்ல சொன்னா தலை சுத்துது. சி.ஏ. எல்லாம் நமக்கு ஆகுமா?

ஆகும். நானும் பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு என்று படித்து வந்தவள்தான். சி.ஏ. பரீட்சையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது, அதை மாற்றுவது நம் கையில் இல்லை. கணக்குத் தாள்களில் பெரிதாகக் கஷ்டம் வராது, எண் எந்த மொழியிலும் எண்தான். இடிப்பது சட்டத் தாளும் ஆடிட் தாளும். அதற்கு இலக்கணப் புத்தகம் வாங்குவதை விட, பாடநூலில் இருக்கிற வாக்கியத்தையே தினமும் ஒரு பக்கம் கையால் எழுதிப் பழகுவது எனக்கு உதவியது. சட்ட ஆங்கிலம் கதை ஆங்கிலம் மாதிரி விரிந்தது இல்லை, திரும்பத் திரும்ப வருகிற முந்நூறு நானூறு சொல்தான்.

பேசுகிற ஆங்கிலம் வேறு விஷயம். பரீட்சைக்கு அது தேவையில்லை, பெரிய நகரத்து இன்டர்வியூவுக்குத் தேவை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு படிப்பையே விட்டவர்கள் உண்டு.

ஒரு சென்டர்ல ஏ.சி.சி.ஏ., யு.எஸ். சி.எம்.ஏ. எல்லாம் சொல்றாங்க. பீஸ் லட்சத்துல இருக்கு. வெளிநாடு போயிடலாமாம்.

கோர்ஸ் பொய் இல்லை. ஏ.சி.சி.ஏ. பிரிட்டனைச் சேர்ந்தது, 13 தாள், பி.காம் முடித்தவர்களுக்குச் சில தாள் விலக்கு, கூடவே மூன்று வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். யு.எஸ். சி.எம்.ஏ. இரண்டே பகுதி, இரண்டு வருட அனுபவம். சென்னை, பெங்களூரில் வெளிநாட்டுக் கணக்குப் பார்க்கும் அலுவலகங்களில் இவற்றுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒரு கம்பெனி ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. அது சென்டர் நோட்டீஸில் சின்ன எழுத்தில்கூட இருக்காது. யு.எஸ். சி.எம்.ஏ.வும் நான் படித்த சி.எம்.ஏ.வும் வேறு வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கணக்குப் போடுங்கள். கோச்சிங் கட்டணம் தனி, அந்த அமைப்புக்குக் கட்டும் பதிவு, பரீட்சைக் கட்டணம் தனி, அது பவுண்டிலோ டாலரிலோ போகும், ரூபாய் விழுந்தால் உங்களுக்குக் கூடும். தவறினால் மறுபடி கட்டணம். மூன்றையும் கூட்டி வீட்டில் காட்டிவிட்டு, அப்புறமும் அப்பா நகையை வைக்கலாம் என்றால் அது உங்கள் வீட்டு முடிவு. துபாய் போக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வந்தது, 2023 ஜூனிலிருந்து கார்ப்பரேட் வரியும் வந்துவிட்டது. இங்கே இரண்டு மூன்று வருடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டுப் பழகிய பி.காம் பையன்கள் அந்த அனுபவத்தை வைத்தே போயிருக்கிறார்கள்.

நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார என்னால முடியாது. கணக்குப் படிச்சவனுக்கு ஓடியாடற வேலை ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேட்கிறவர்கள் கூச்சத்தோடு கேட்பார்கள், ஏதோ தப்பான படிப்பில் சேர்ந்துவிட்ட மாதிரி. நிறைய இருக்கிறது. மார்ச் 31ஆம் தேதி ஒரு மில் கோடவுனுக்குப் போய்ப் பஞ்சு மூட்டை எண்ணிப் பாருங்கள். லாட் நம்பர் வாரியாக அடுக்கியிருப்பார்கள், உயரத்தில் ஏறித்தான் பின்வரிசை தெரியும், முன்னால் முழுசாக இருக்கும், பின்னால் காலியாக இருக்கும். எண்ணி முடிக்கும்போது மூக்கு, காது, தலைமுடி எல்லாம் பஞ்சு. ஸ்டாக் ஆடிட் என்றால் இதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கிக் கிளைத் தணிக்கை, ஊர் ஊராகப் போக வேண்டும், விவசாயக் கடன் ஃபைலைப் பார்த்து, சில சமயம் கடனில் வாங்கிய மாடு இருக்கிறதா என்று கேட்கிற நிலைமைகூட வரும்.

பல கிளை வைத்திருக்கிற நகைக்கடை, சூப்பர் மார்க்கெட், நகைக்கடன் நிறுவனங்களில் உள்தணிக்கை ஆட்கள் மாதத்தில் பாதி நாள் பயணத்தில்தான் இருப்பார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கிளைக்குள் போய் லாக்கரைத் திறக்கச் சொல்லி, பாக்கெட் எண்ணி, எடை போட்டு, ரொக்கம் சரிபார்க்கும் வேலை. உள்தணிக்கைக்கு சி.ஏ. முடித்திருக்க வேண்டும் என்பதில்லை, குழுவில் பி.காம் ஆட்கள் நிறையப் பேர். அப்புறம் காஸ்டிங். மேலே சொன்ன டையிங் எடைக் குறைவை நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, தரையில் நின்று எடை மெஷினைப் பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிற பையன் ஒரு நாளில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் சீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. ஓடியாடிப் பார்த்ததை ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட்டாக எழுதித்தான் ஆக வேண்டும். எழுதவே பிடிக்காது என்றால் அந்த வேலையும் நிலைக்காது.

பொண்ணை ஆடிட் வேலைக்கு விடலாமுங்களா? ராத்திரி ஆயிடுதுங்கிறாங்க. *(இது ஒரு அப்பா கேட்டது)*

ஆகும், மறைக்கவில்லை. செப்டம்பர் மாதம் வரித் தணிக்கைக் கெடு நெருங்கும்போது ஒன்பது மணி, பத்து மணி சாதாரணம். மற்ற மாதங்களில் அப்படி இருக்காது. சேருவதற்கு முன் அந்த ஆபீஸில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், வெளியூர் ஆடிட்டுக்கு எப்படி அனுப்புகிறார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள், நல்ல ஆபீஸ் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பையனுக்கும் இதையெல்லாம் கேட்டால் சந்தோஷப்படுவேன்.

கேம்பஸ்ல ஏ.ஆர். காலர் வேலை வந்திருக்கு. அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள்னு போட்டிருக்காங்க, நம்ம லைன்தானே?

பெயரில் அக்கவுண்ட்ஸ் இருக்கிறது, வேலையில் இல்லை. அமெரிக்க டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வர வேண்டிய இன்சூரன்ஸ் பணம் ஏன் வரவில்லை என்று அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டு, பதிலைப் பதிவு செய்வது. பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். பேச்சு ஆங்கிலம் ஆறு மாதத்தில் நன்றாக வந்துவிடும், ஆரம்பச் சம்பளமும் இரண்டாவது பதிலில் சொன்னதை விடப் பரவாயில்லாமல் இருக்கும். வீட்டில் அவசரத் தேவை என்றால் தாராளமாகப் போங்கள், அது ஒரு நல்ல தொழில். ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கணக்கு வேலைக்குத் திரும்பினால் அந்த அனுபவத்தை யாரும் எண்ணிக்கொள்ள மாட்டார்கள். அதே வளாகத்தில் அக்கவுண்ட்ஸ் பேயபிள், ரீகன்சிலியேஷன் என்று வேறு பிரிவு இருந்தால் அதைக் கேளுங்கள்.

வீட்ல கவர்மெண்ட் வேலைதான் வேணும்ங்கிறாங்க. பி.காம் படிச்சதால டி.என்.பி.எஸ்.சி., பேங்க் எக்ஸாம்ல ஏதாவது லாபம் உண்டா?

பரீட்சையில் பெரிய லாபம் இல்லை. வங்கித் தேர்வில் ரீசனிங், எண் கணக்கு, ஆங்கிலம்தான் கழுத்தைப் பிடிக்கும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழும் பொது அறிவும். பற்று வரவு எங்கும் வராது. வேலை கிடைத்த பிறகுதான் நீங்கள் படித்தது கை கொடுக்கும். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வை நம் பிள்ளைகள் அதிகம் கவனிப்பதில்லை. தணிக்கைத் துறையில் ஆடிட்டர், அக்கவுண்டண்ட், வருமான வரி இன்ஸ்பெக்டர் என்று கணக்கோடு ஒட்டின பதவிகள் அதில்தான் இருக்கின்றன. வாத்தியார் ஆசை இருந்தால், பள்ளியில் வணிகவியல் மேல்நிலை வகுப்புக்குத்தான், அதற்கு எம்.காம், பி.எட். இரண்டும் வேண்டும். கல்லூரி என்றால் எம்.காமோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு.

இது தனி உழைப்பு. சி.ஏ.வும் படிக்கிறேன், குரூப் டூவும் படிக்கிறேன் என்று சொல்கிறவர்களில் இரண்டும் கிடைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வங்கி பி.ஓ.வுக்கு வயது 20 முதல் 30 என்பதால், முதலில் எதற்கு எத்தனை வருடம் என்று வீட்டில் பேசி ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருகிட்டயும் வேலை செய்யாம, சொந்தமா ஜி.எஸ்.டி. ஆபீஸ் போட முடியுமா?

முடியும். பி.காம் முடித்தவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம், அதற்கான தேர்வையும் தேற வேண்டும். ஆடிட் மட்டும் தொட முடியாது, ஏன் என்று சி.ஏ. பதிலில் சொல்லிவிட்டேன். ஆனால் முடித்த கையோடு போர்டு மாட்டாதீர்கள். மாதம் 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பிடித்த வருமான வரி) கட்டுவது, 11ஆம் தேதிக்குள் விற்பனையைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. ஒரு தேதி தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் கட்சிக்காரருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. அண்ணாச்சி மளிகைக்கடைக்கு நீங்கள் ஒருமுறை தவறவிட்டால் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். இரண்டு வருடம் இன்னொருவர் ஆபீஸில், இன்னொருவர் கையெழுத்தில் தப்புச் செய்துவிட்டு வாருங்கள்.

ஏ.ஐ. வந்துட்டா கணக்கெழுதற வேலையே இருக்காதுங்கிறாங்க. பயமா இருக்கு.

பில்லை கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது, ஏ.ஐ.க்கு முன்னாலேயே குறைய ஆரம்பித்துவிட்டது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தளத்தில் பதிவாகும் இ-இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட் தானாக டேலிக்குள் வருகிறது. வெறும் டைப் அடிக்கத் தெரிந்தவருக்கு ஆபத்துதான்.

மெஷினுக்கு இன்னும் பிடிபடாதது வேறு. போன மாதம் ஒரு ஓட்டல் பில், ஜி.எஸ்.டி. எண்ணோடு சுத்தமாக இருந்தது, சாஃப்ட்வேர் வரி வரவு எடுத்துவிட்டது. பார்த்தால் அது முதலாளி வீட்டுக் காதுகுத்து. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வந்தபோது போட்ட சாப்பாடாகவே இருந்தாலும் உணவுக்கு வரி வரவு எடுக்க முடியாது, சட்டத்தின் 17(5) தடுக்கிறது. அந்த பில்லைப் பார்த்ததும் தேதி உறுத்த வேண்டும், அது முகூர்த்த நாள். சட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி.யில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன, 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிரிவு எண்கள்கூடப் பழசுதான், மறுபடி படிக்கத் தயாராக இருந்தால் பயம் வேண்டாம்.

இண்டர் ரெண்டு தடவை போச்சு. ஒவ்வொரு பேப்பர்லயும் நாப்பதுக்கு மேல வாங்கியும் பெயில். விட்டுடலாமா?

முதலில் சி.ஏ. இண்டரின் மார்க் கணக்கைப் பாருங்கள். ஒரு குரூப்பில் மூன்று தாள், தாளுக்கு 40 வேண்டும், அது போக மொத்தத்தில் பாதி, 300க்கு 150 வேண்டும். 42, 44, 45 வாங்கினால் 131, ஃபெயில்தான். எல்லாவற்றிலும் பாஸ் மார்க்கை மட்டும் குறிவைத்தால் இப்படித்தான் மாட்டும். கைவந்த ஒரு தாளில் 60 தாண்டுங்கள், மற்ற இரண்டைத் தூக்கிவிடும். குரூப்பே போனாலும் அந்த 60 வாங்கிய தாளுக்கு விலக்குக் கிடைக்கும்.

விடுவதா என்பதற்கு என் கதையைத்தான் சொல்ல முடியும். நான் இரண்டாவது குரூப்பில் நான்கு தடவை போனேன். கடைசித் தடவை மார்க் போன தடவையை விடக் குறைந்திருந்தது, அதுதான் எனக்குச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் பத்து, பதினைந்து ஏறுகிறது என்றால் விடாதீர்கள். ஏறவே இல்லை என்றால் வேலையில் சேர்ந்துவிட்டு யோசியுங்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து மூன்றாவது வருடம் யோசிக்காதீர்கள். படித்தது எதுவும் வீணாகாது, ஒரு குரூப் முடித்தவர் என்று தெரிந்தாலே கணக்குப் பிரிவில் தனியாகத்தான் பார்ப்பார்கள்.

முதலாளி பொய் பில் ஏத்தச் சொன்னா என்ன பண்றது?

இதைக் கல்லூரியில் யாரும் கேட்பதில்லை, வேலைக்குப் போய் மூன்றாவது மாதம் ராத்திரி போன் பண்ணிக் கேட்கிறார்கள். எனக்கும் நடந்தது. ஒரு இடத்தில் சரக்கே வராமல் வெறும் பில் மட்டும் வந்தது, வரி வரவு எடுக்கச் சொன்னார்கள். லாரி நம்பர் இல்லை, சரக்கு ஏற்றி வருவதற்கான இ-வே பில் இல்லை, கோடவுன் வரவு சீட்டு இல்லை. "வரவு சீட்டு வந்ததும் ஏத்தறேன் சார்" என்று மட்டும் சொன்னேன், மெயிலிலும் அதையே ஒரு வரி போட்டுவைத்தேன். சண்டை போடவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டு வேறு ஆளை வைத்து ஏற்றிக்கொண்டார்கள், நான் அடுத்த மாதம் வேறு வேலை பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் ஏற்றினால் உங்கள் பெயரில்தான் இருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற பதிவு இருந்தாக வேண்டும், அதை அணைத்துவைக்கக் கூடாது. போலி பில் ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஜெயில் வரை போகிற குற்றம். உங்கள் லாகின் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள், முதலாளி மகனுக்கும்கூட.

கடைசியா ஒண்ணு அக்கா, உங்க கம்பெனில லீவுல வந்து பாக்கலாமா?

வரலாம். செமஸ்டர் முடிந்து மே மாதம் வாருங்கள், ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் உட்கார இடம் இல்லை. 20ஆம் தேதிக்கு முன்னால் மட்டும் வந்துவிடாதீர்கள், 3பி போடும்வரை நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். வரும்போது கால்குலேட்டர் கொண்டுவாருங்கள், போனில் இருப்பது வேண்டாம், பெரிய பட்டன் வைத்தது.